கணைய அழற்சி, 9ஆம் நாள் மறுபடி காய்ச்சல்: மெரோபெனம் போடும் முன் எங்கெல்லாம் பார்ப்பது?

கடைமடை ட்யூட்டி:

வணக்கம். கடைமடைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. சிடி எடுக்கலாம், ஐசியூ என்று சொல்லிக்கொள்ள நான்கு கட்டில் உண்டு. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

44 வயது ஆண், நடவு வேலைக்குப் போகிறவர். சர்க்கரை உண்டு, குடி உண்டு. கணைய அழற்சி, இன்று 9ஆம் நாள். வேறொரு இடத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு இங்கே வந்தார். அப்போது கணைய நொதியான லைபேஸ் இயல்பைவிட எட்டு மடங்கு. 5ஆம் நாள் சிடியில் கணையத்தின் வால் பக்கம் கொஞ்சம் நெக்ரோசிஸ் (திசு செத்துப்போவது), சுற்றிலும் நீர்த்தேக்கம், இடது நெஞ்சில் கொஞ்சம் நீர். 6ஆம் நாள் காய்ச்சல் விட்டது, கஞ்சி இறங்கியது. நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி 102, தூக்கிப் போடுகிற குளிர். நாடி 118, பிபி 110/70, அறைக்காற்றில் ஆக்சிஜன் 94. வெள்ளணு 16,400, கிரியாட்டினின் 1.1. கழுத்துப் பெருநரம்பில் சென்ட்ரல் லைன் (2ஆம் நாள் போட்டது), ஃபோலி (சிறுநீர்க் குழாய்), இரண்டு கையிலும் கேனுலா (ட்ரிப் ஊசிக்குழாய்).

நெக்ரோசிஸில் கிருமி சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மெரோபெனம் (வீரியமான ஆண்டிபயாடிக்) தொடங்கி மேலே அனுப்பிவிடலாமா? உறவினர்கள் வேறு 'பெரிய ஊசி' போடுங்கள் என்று கதவருகே நிற்கிறார்கள்.

வெண்ணாறு:

அனுப்புவது பிறகு. முதலில் நாளை எண்ணுங்கள். நெக்ரோசிஸில் கிருமி சேர்வது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்துக் கதை. 9ஆம் நாளில் அது நடக்கவே நடக்காது என்றில்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் கணையத்துக்கு வெளியே வருகிற தொற்றுதான் முன்னால் நிற்கும்: இரத்தத்தில் கிருமி, நிமோனியா, அப்புறம் சிறுநீர். இதில் பல நாம் சொருகிய குழாய் வழியாக வருபவை.

இன்னொன்று, காய்ச்சல் எந்த வரிசையில் வந்தது என்பது. முதல் வாரக் காய்ச்சலும் 90க்கு மேல் ஓடுகிற நாடியும் 12,000 தாண்டுகிற வெள்ளணுவும் அழற்சியாலேயே வரும், கிருமியே வேண்டியதில்லை. உங்கள் ஆளுக்கு விட்டு, நடுவில் இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்து, திரும்பக் குளிரோடு வந்திருக்கிறது. இது அழற்சியின் மிச்சம் அல்ல. அழற்சியைக் காட்டும் சிஆர்பியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். 48 மணி நேரத்தில் 150ஐத் தாண்டினால் நோய் கடுமை என்று சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அமிலேஸ், லைபேஸ் இரண்டும் இந்தக் கேள்விக்கு அறவே உதவாது. புரோகால்சிடோனின் (கிருமித் தொற்றில் ஏறும் இரத்தச் சோதனை) எடுக்க முடிந்தால் எடுங்கள். 1.0க்குக் கீழே என்றால் ஆண்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கலாம் என்று 2022இல் வெளியான ப்ரோகேப் ஆய்வு காட்டியது. மருந்துப் பயன்பாடு குறைந்தது, தொற்று கூடவில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த எண் கிருமி இல்லாமலேயே ஏறும்.

இப்போது ஆளைப் பாருங்கள், ஃபைலை அல்ல. போர்வையை முழுதாக எடுத்துவிட்டுத் தலையிலிருந்து தொடங்குங்கள். காதுக்கு முன்னால் கன்னம் வீங்கியிருக்கிறதா? வாய் வழியே ஒன்றும் இல்லாமல் காய்ந்து கிடந்தவர்களுக்குப் பரோடிட் சுரப்பியில் சீழ் வைக்கும், யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. சென்ட்ரல் லைன் வாய். இரண்டு முன்கையும், பிளாஸ்டரைப் பிரித்து. இடுப்பைத் திருப்பிப் பின்பக்கம்: வயிற்று வலி என்று முதல் நாள் ஊரில் டைக்ளோஃபெனாக் குத்தியிருப்பார்கள், அந்த இடம் பத்து நாளில் சீழ்க்கட்டியாகும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் அது இரத்தக்கட்டு, அதுவும் காய்ச்சல் தரும்.

நெஞ்சுக்கு வருகிறேன். இடது பக்க நீரை நிமோனியா என்று படிப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தவறு. கணைய அழற்சியில் இடது பக்கம் எதிர்வினையாக நீர் கோத்துக்கொள்வது வழக்கம்தான்; அந்த நீரை எடுத்து அமிலேஸ் பார்த்தால் ஏறியிருக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால் இரண்டு அடிப்பகுதியும் சுருங்கி எக்ஸ்ரேயில் நிழல் காட்டும். நிழல் மட்டும் போதாது. புதிதாகச் சளி, சளியின் நிறம் மாறுவது, மூச்சு எண்ணிக்கை ஏறுவது, ஆக்சிஜன் இறங்குவது, ஸ்டெத்தில் மூச்சொலி மூங்கில் குழாய்க்குள் ஊதுகிற மாதிரி கேட்பது, இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் நிமோனியா என்பேன். முதல் இரண்டு நாளில் எத்தனை லிட்டர் ஓடியது என்றும் பாருங்கள். மிதமான வேகமே போதும் என்பது 2022 வாட்டர்ஃபால் ஆய்வுக்குப் பிறகு தெளிவு: வேகமாக ஓட்டியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு நீர் மிகை, மிதமாக ஓட்டியவர்களில் 6.3. நுரையீரல் நீரில் ஊறிக் கிடந்தால் எக்ஸ்ரே எல்லாமே நிமோனியா மாதிரிதான் தெரியும்.

'மருந்தே வேண்டாம்' என்று சொல்லவில்லை. கழுத்தில் ஏழு நாள் லைன், கூடவே நடுக்கம் என்றால் இரத்தத்தில் கிருமி என்றுதான் நினைப்பேன். மேல் பிபி 90க்குக் கீழே, புதிதாகக் குழப்பம், சிறுநீர் குறைவு, ஆக்சிஜன் தேவை, இதில் ஒன்று வந்தாலும் பத்து நிமிஷத்தில் கல்ச்சரை எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போய்விட வேண்டும். ஷாக் இல்லாத நிலையில் இடத்தைத் தேட மூன்று மணி நேரம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். வேண்டியது கல்ச்சர், லைனைக் கழற்றுவது, பிறகு வான்கோமைசினோடு கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு ஒரு மருந்து. வெறும் மெரோபெனத்தில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி) அடங்காது. நீங்கள் சொன்ன திட்டத்தில் இருக்கிற ஓட்டை அதுதான்.

அரசலாறு (நுண்ணுயிரியல்):

கல்ச்சர் தூரமாகப் போகிறது என்பதால் எடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். தஞ்சாவூர்க் கூடத்துக்கு வந்து சேர்கிற பாட்டில்களில் பெரிய குறை இரத்தம் போதாததுதான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. இரண்டு மி.லி. விட்டு அனுப்பினால் கிருமி இருந்தும் 'வளரவில்லை' என்றே வரும், அதை நம்பி நீங்கள் மருந்தை நிறுத்துவீர்கள். இரண்டு செட், இரண்டு வெவ்வேறு இடத்தில் குத்தி. குளோர்ஹெக்ஸிடின் ஆல்கஹால் தடவி 30 விநாடி காயவிடுங்கள். ஈரத்தில் குத்தக் கூடாது, தடவிய பிறகு விரலால் நரம்பைத் திரும்பத் தடவிப் பார்க்கவும் கூடாது. பாட்டிலின் மூடியைக் கழற்றியதும் அந்த ரப்பர் சுத்தம் என்று நினைக்காதீர்கள், 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள்.

சென்ட்ரல் லைன் இருப்பதால் ஒரு செட் லைனிலிருந்து, ஒரு செட் கையிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே அளவு. லைன் பாட்டில் கை பாட்டிலைவிட 120 நிமிஷமோ அதற்கு மேலோ முந்தி வளர்ச்சி காட்டினால் குற்றவாளி லைன்தான். இந்தக் கணக்கு இயந்திரத்தில்தான் வரும், இரண்டும் ஒன்றாக உள்ளே போனால்தான் வரும். ஆகவே பாட்டிலில் எந்த இடம், எத்தனை மணி என்று எழுதுங்கள். 'இடது கை 10.40', 'லைன் 10.45' போதும்.

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்! மாதிரி என்றாலே ஐஸ் பெட்டி என்று ஒரு பழக்கம் இருக்கிறது. இரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்கு அறை வெப்பம்தான். எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் ஏறினால் நல்லது. காலை முதல் பஸ்ஸில் போகட்டும் என்று ராத்திரி முழுக்க மேஜையில் வைத்தால் பலன் குறையும். ராத்திரி போகிற வண்டியில் கொடுத்து விடுங்கள். சிறுநீர் நேர்மாறு: இரண்டு மணி நேரத்துக்குள் வராது என்றால் அதைத்தான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

சிறுநீரை யூரின் பேகிலிருந்து பிடிக்காதீர்கள், அது மூன்று நாள் ஊறிய கஷாயம். ஃபோலி இரண்டு வாரம் தாண்டியிருந்தால் புதுக் குழாய் போட்டு அதிலிருந்து. உங்களுடையது அவ்வளவு ஆகவில்லை, குழாயில் இருக்கிற மாதிரி வாயைத் துடைத்து சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். ஃபோலி இருக்கிறவருக்குச் சிறுநீரில் கிருமி வளர்வது ஆச்சரியமே இல்லை. காய்ச்சலுக்கு வேறு இடம் தெளிவாகத் தெரியும்போது அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து போடாதீர்கள். சிறுநீரில் கேண்டிடா (பூஞ்சை) என்றால் பெரும்பாலும் குடியேறியது மட்டும். குழாயை எடுத்தால் போய்விடும். அதே கேண்டிடா இரத்தத்தில் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் அசுத்தம் என்று தள்ளக் கூடாது.

இப்போது நம் மண்ணுக்கு உரியது. சம்பா நடவு, ஐப்பசி கார்த்திகை மழை, சர்க்கரை, குடி: நான்கும் சேர்ந்த ஆள் இவர். மெலியாய்டோசிஸ் மனதில் இருக்கட்டும். பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை வயல் சேற்றில் இருக்கும் கிருமி. காலில் கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறும். நிமோனியா, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டி. அடிக்கடி நடப்பது என்னவென்றால், கூடத்தில் அதைச் 'சூடோமோனாஸ் வகை' என்று எழுதிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேட்காது, ஆக்மென்டின் கேட்கும் என்று இருந்தால் உடனே ஃபோன் செய்து கேளுங்கள். உண்மையான சூடோமோனாஸுக்கு அந்த வரிசை பொருந்தாது. மெலியாய்டோசிஸ் என்றால் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழி செஃப்டாசிடிமோ மெரோபெனமோ, அதற்குப் பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்ஸசோல். ஐந்து நாள் மெரோபெனத்தில் காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

சந்தேகம் இருந்தால் சீட்டில் 'மெலியாய்டோசிஸ்?' என்று எழுதி அனுப்புங்கள். கூடத்தில் தட்டை முகர்ந்து பார்க்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அந்த ஒரு வார்த்தை எங்களுக்கும் பாதுகாப்பு.

வெண்ணாறு:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்), எலிக்காய்ச்சல் இரண்டும். இரண்டுக்கும் கிருமி உள்ளே போய் ஒன்று இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் வரும், ஆக வயலில் வாங்கியது உங்கள் கட்டிலில் வந்து வெளிப்படலாம். இரண்டுமே கணைய அழற்சியையே கிளப்பவும் கூடும், முதல் காய்ச்சல் எதனால் என்றே திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். அக்குள், அரை மடிப்பு, வேட்டி கட்டுகிற இடுப்புச் சுற்று: சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் மெரோபெனத்துக்குக் கட்டுப்படவே படாது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். உங்கள் ஆளுக்குத் தட்டணு எவ்வளவு என்று எழுதவில்லையே?

குடமுருட்டி (ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்):

வணக்கம் டாக்டர். பெரியவங்க எல்லாம் சொல்லிட்டாங்க, நான் குழாய் பத்தி மட்டும் சொல்றேன்.

மொதல்ல பாத்த எடத்துலயோ 108லயோ அவசரத்துக்குப் போட்ட கேனுலாவை வந்த அன்னிக்கே, மிஞ்சிப் போனா 48 மணி நேரத்துக்குள்ள மாத்திடணும். அவசரத்துல கை சுத்தம் முழுசா இருக்காது. நம்ம பக்கத்துல ஒரு ஆள் மூணு எடம் மாறி வருவாரு, மொதல் எடத்து ஊசி அப்படியே பிளாஸ்டர் மேல பிளாஸ்டரா ஒட்டிக் கெடக்கும். மேல எழுதின தேதி கடைசியா ஒட்டினவங்க எழுதினது, குத்தின தேதி கெடையாது. பிளாஸ்டரை முழுசாப் பிரிச்சு, வாயை அமுக்கிப் பாருங்க. செவந்து, கயிறு மாதிரி நரம்பு தடிச்சு, அமுக்கினா ஒரு துளி மஞ்சளா வந்தா அதுதான் உங்க காய்ச்சல். இரண்டு கையிலயும் கேனுலா, கழுத்துல லைன், மூணும் எதுக்கு? கஞ்சி குடிக்கிறவருக்கு ஒண்ணு போதும்.

லைன் வச்சே ஆகணும்னா ஹப்பை (லைனோட வெளி வாயை) ஒவ்வொரு தடவையும் ஆல்கஹால் பஞ்சால 15 விநாடி திருகித் தேய்க்கணும். த்ரீ வே மூடி இல்லாமத் தொங்கறதை எத்தனை எடத்துல பாக்கறோம்? சாதாரண ட்ரிப் செட்டை நாலு நாளைக்கு முன்னாடி மாத்தத் தேவையில்ல, சும்மா சும்மாக் கழட்டி மாட்டுனாத்தான் கிருமி ஏறும். கொழுப்பு கலந்த டிபிஎன் (நரம்பு வழிச் சாப்பாடு) ஓடினா மட்டும் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் கொறையாம. வலி ஊசி போட்டு அரை மணி கழிச்சு ஸ்பைரோமீட்டர் ஊதச் சொல்லுங்க, முழிச்சிருக்கற நேரம் மணிக்குப் பத்து மூச்சு. வலியோட ஊதச் சொன்னா யாரும் ஊத மாட்டாங்க. பல் தேய்ச்சு விடணும், ரெண்டு வேளை, பிரஷ்ஷாலயே. யூரின் பேகைத் தரையில வைக்கக் கூடாது, ஸ்ட்ரெச்சர்ல தூக்கறப்ப வயித்து மேலயும் வைக்கக் கூடாது, உள்ள இருக்கறது திரும்பப் போயிடும். நடந்து பாத்ரூம் போறவருக்கு ஃபோலி எதுக்குன்னு ரவுண்ட்ஸ்ல தினம் கேளுங்க, நாங்களே எடுத்துடுவோம்.

வீட்டுக்காரங்க 'வயிறு சரியாக'ன்னு ப்ரோபயாடிக் பொடி வாங்கிட்டு வந்தா குடுக்காதீங்க. பேதி ஆகி ஒரு நாளைக்கு மூணு தடவையோ அதுக்கு மேலயோ போனா சி. டிஃப் (பேதி உண்டாக்குற குடல் கிருமி) பாக்கச் சொல்லுங்க, அப்ப கையை சோப்புத் தண்ணியிலதான் கழுவணும், ஹேண்ட்ரப்ல அந்தக் கிருமியோட விதை (ஸ்போர்) சாகாது.

வெண்ணாறு:

சிஸ்டர் சொன்ன ப்ரோபயாடிக் விஷயம் சும்மா இல்லை. நெதர்லாந்தில் செய்த ப்ரோபேட்ரியா ஆய்வு, 2008இல் வெளிவந்தது: கடுமையான கணைய அழற்சி வரும் என்று கணித்தவர்களில் ப்ரோபயாடிக் வாங்கியவர்கள் 16 சதவீதம் இறந்தார்கள், வாங்காதவர்கள் 6 சதவீதம். குடலுக்கு இரத்தம் நின்றுபோனது ப்ரோபயாடிக் பக்கம் மட்டும்தான். அதற்குப் பதில் கஞ்சியை நிறுத்தாதீர்கள். இந்தக் காய்ச்சலுக்காகத் திரும்பப் பட்டினி போட்டு டிபிஎன்னுக்குப் போனால் தொற்று கூடும்.

வீரசோழன் (அறுவை):

வெண்ணாறு சாரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடம் தவிர. 9ஆம் நாள் என்பதால் கணையத்தை மறந்துவிடக் கூடாது. நெக்ரோசிஸ் இருக்கிறவருக்கு இரத்தத்தில் கிருமி வந்தால் அது பிற்பாடு நெக்ரோசிஸில் போய் உட்காரும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது இன்று லைன் தொற்று என்று நீங்கள் சரியாகவே கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலும், மூன்றாவது வாரத்தில் அவரைத் திரும்பப் பார்க்க வேண்டும். லைனைக் கழற்றி, மருந்து போய் 72 மணி நேரமாகியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் சிடி. தேக்கத்துக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் மேற்கொண்டு வாதமில்லை. அப்போதும் அவசரமாகக் குத்தி வடிக்க வேண்டாம், ஆள் தாங்குகிறார் என்றால் தேக்கத்தைச் சுற்றிச் சுவர் கட்ட நான்கு வாரம் வரை மருந்தில் ஓட்டுவதே இப்போதைய வழக்கம்.

பித்தக்கல்லை யாரும் கேட்கவில்லை. குடிக்கிறார் என்பதற்காகக் கல் இருக்காது என்றில்லை. கண் மஞ்சள், பிலிருபின், பித்தக்குழாய் அகலம் பாருங்கள். நடுக்கத்தோடு மஞ்சளும் இருந்தால் அது கோலான்ஜைடிஸ் (பித்தக்குழாய்த் தொற்று). 24 மணி நேரத்துக்குள் இஆர்சிபி (எண்டோஸ்கோப் வழியே பித்தக்குழாய் அடைப்பை நீக்குவது) கிடைக்கிற இடத்துக்கு ராத்திரியே அனுப்புங்கள், அந்த நிலையில் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கடைமடை ட்யூட்டி:

எல்லோருக்கும் நன்றி. தட்டணு 2.1 லட்சம், பிலிருபின் 0.9, பித்தக்குழாய் 5 மி.மீ., பொருக்கு எதுவும் இல்லை. சிஸ்டர் சொன்னபடி பிளாஸ்டரைப் பிரித்தோம். வலது முன்கையில் கேனுலா வாயில் சீழ், நரம்பு நான்கு விரல்கடை தடித்திருக்கிறது. லைன், இரண்டு கேனுலா, ஃபோலி எல்லாம் எடுத்தாயிற்று. எடுக்கும் முன் லைனிலும் இடது கையிலும் கல்ச்சர். வான்கோமைசினும், கிராம் நெகட்டிவுக்குப் பிப்டாசும் ராத்திரி 11.30க்குப் போனது. பாட்டில்கள் ராத்திரி வண்டியில் போய்விட்டன. இன்று மாலை ஃபோன் வந்தது: இரண்டு செட்டிலும் கிராம் பாசிடிவ் காக்சை (உருண்டைக் கிருமி), கொத்துக் கொத்தாக, கை பாட்டில்தான் முதலில் காட்டியதாம். கிராம் நெகட்டிவ் மருந்தை நிறுத்தலாமா? எத்தனை நாள்?

அரசலாறு (நுண்ணுயிரியல்):

இரண்டு இடத்திலும், அதுவும் ஒரு நாளுக்குள். ஸ்டாஃப் ஆரியஸ் என்று வைத்தே போங்கள், தோல் அசுத்தம் இப்படி வராது. கை பாட்டில் முந்தியது என்றால் லைன் மேல் பழி இல்லை, அந்த முன்கைதான். பிப்டாசை இன்று நிறுத்திவிடலாம் என்பேன், நெஞ்சு தெளிவாக இருந்தால். வான்கோமைசினோடு அது சேர்ந்து ஓடினால் கிரியாட்டினின் ஏறுகிற வழக்கம் உண்டு. சென்சிடிவிட்டி நாளை வரும். எம்எஸ்எஸ்ஏ (வழக்கமான மருந்துக்கு அடங்கும் ஸ்டாஃப் ஆரியஸ்) என்று வந்தால் வான்கோமைசினை வைத்துக்கொண்டிருக்காமல் செஃபசோலின் 2 கிராம் எட்டு மணிக்கு ஒரு தடவை என்று மாற்றிவிடுங்கள், செஃபசோலின் கொல்கிற வேகம் வான்கோமைசினுக்கு இல்லை.

நாள் கணக்கு மருந்து தொடங்கிய தேதியிலிருந்து அல்ல, முதல் நெகட்டிவ் கல்ச்சர் எடுத்த தேதியிலிருந்து. ஆகவே மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் திரும்ப இரண்டு செட் எடுத்தே ஆக வேண்டும், காய்ச்சல் விட்டாலும். அது நெகட்டிவ், 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் போயிற்று, எக்கோவில் வால்வு சுத்தம், முதுகுவலி மாதிரி வேறு இடத்தில் புதுத் தொல்லை இல்லை என்றால் 14 நாள் நரம்பு வழி. இதில் ஒன்று தவறினாலும் நான்கு முதல் ஆறு வாரம். அந்த முன்கை நரம்புக்கு ஒரு டாப்ளர் பாருங்கள். உள்ளே கட்டி சீழ் பிடித்திருந்தால் திரும்ப எடுக்கிற கல்ச்சரும் பாசிடிவ்வாகவே வரும், அப்போது வீரசோழன் சார் கையில்தான் வேலை.

14 நாளும் நரம்பு வழி என்பதால் புதுக் கேனுலா இடது கையில் போட்டிருப்பீர்கள். குத்தின தேதியைப் பிளாஸ்டரில் மட்டும் எழுதாமல் சார்ட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.